முற்றத்தில் கற்கும் பாதி ஆட்டம்

ஒவ்வொரு விளையாட்டுக்கும் மக்கள் மனத்தில் ஓர் உருவம் உண்டு. சடுகுடு என்றால் புழுதியும் வியர்வையும் நினைவுக்கு வருகின்றன. கால்பந்து என்றால் பள்ளி மைதானமும் மாலை வெயிலும் கண்முன் தோன்றுகின்றன. கோல்ஃப் என்றாலோ பரந்த புல்வெளியும், பளபளக்கும் மட்டைகளும், அம்மட்டைகளைத் தோளில் சுமந்து செல்வர் பின்னே நடக்கும் ஏழைப் பையனுமே நம் எண்ணத்தில் எழுகின்றனர். ‘அது நமக்கு உரியதன்று’ என்னும் முடிவும் அக்கணமே பிறந்துவிடுகின்றது. அம்முடிவு பாதியளவே சரியானது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைச் சிற்றூர்கள் நம் வாசகர் பலருக்குப் பிறந்த மண். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அங்கிருந்து பிழைப்பு நாடித் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மும்பைக்கும் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள், ஆங்காங்கே இவ்வாட்டத்தைக் காண்கின்றனர். சிலர் பள்ளியில் ஓரளவு கற்கவும் செய்கின்றனர். விடுமுறைக்குப் பாட்டன் வீட்டுக்கு வரும்போது, ‘இங்கே எங்கே ஆடுவது?’ என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. பதினெட்டுக் குழித் திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். தென்னையும் வாழையும் மரச்சீனியும் நெருங்கி நிற்கும் நம் விளைகளில் அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது? ஆயினும், அவ்வாட்டத்தின் பாதிக்கு அத்தனை நிலம் வேண்டியதில்லை. பெருக்கிய முற்றமும் சிறிது பொறுமையும் போதும்.

கணக்கு சொல்லும் உண்மை

கோல்ஃப் ஆட்டத்தில் ஒவ்வொரு குழிக்கும் ‘பார்’ என ஓர் அளவு வகுத்திருக்கின்றனர். தேர்ந்த ஆட்டக்காரர் அக்குழியை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து 72 அடி என்பது பெருந்திடல்களின் வழக்கம். இந்த 72இல், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய ‘கிரீன்’ என்னும் புல்தரையில் பந்தை உருட்டுவதற்கெனக் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அஃதாவது, சரிபாதி! இருநூறு கெஜம் பறக்கும் அடியும் ஓர் அடியே. இரண்டடி தூரம் உருளும் அடியும் ஓர் அடியே. கணக்கில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை.

குழிக்கு ஏறத்தாழ நூறு கெஜத்துக்கு உட்பட்ட இடத்திலிருந்து ஆடுவனவற்றையெல்லாம் குறுந்தொலைவு ஆட்டம் என்கின்றனர். உருட்டுதல் (இதற்குப் ‘பட்’ என்று பெயர்), தாழத் தட்டுதலாகிய ‘சிப்’, உயர எறிதலாகிய ‘பிட்ச்’, மணற்குழியிலிருந்து மீளுதல் என அது நால்வகைப்படும்.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாகக் கூற வேண்டும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரரின் இலட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைசிறந்த ஆட்டக்காரர்க்கும் மற்றவர்க்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நூறு கெஜத்துக்கு அப்பாலிருந்து ஆடும் அடிகளாலேயே விளைகின்றது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, குறுந்தொலைவு ஆட்டம் ஒன்றே ஒருவரை உலக வீரராக்கும் என்று நாம் கூறவில்லை. எனினும், நெடுந்தொலைவு அடிக்குத் திடலும் பணமும் உடல் வலிவும் வேண்டும். குறுந்தொலைவு அடிக்கு அவை வேண்டா. இல்லாதவன் எதிலிருந்து தொடங்குவது என்ற வினாவுக்கு இதுவன்றோ விடை?

வாழ்ந்து காட்டியவர்கள்

கல்கத்தாவில் 1829இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் மிகப் பழமையானது. அதன் புல்தரையைப் பேணும் வேலையில் இருந்த ஒருவரின் மகன் எஸ். எஸ். பி. சௌராசியா. 1978இல் பிறந்த அவர், தம் தந்தையார் பேணிய புல்லிலேயே ஆட்டத்தைக் கற்றார். நெடுந்தொலைவு அடிப்பதில் அவர் பெயர்பெற்றவரல்லர். குழியை நெருங்கிய பின்னரோ, அவரை வெல்வது அரிது. சிப், பட் என்னும் இரு சொற்களையும் அவர் பெயரோடு கலந்து ‘சிப்புட்சியா’ என்றே தோழர்கள் அவரை அழைத்தனர். 2008இல் டெல்லியில் நடைபெற்ற இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயத்தில் வென்று உலகின் கவனத்தை ஈர்த்தார். பின்னர் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தைத் தொடர்ந்து பெற்றார். இரண்டாம் முறை ஏழு அடிகள் முந்தி வென்றார். 112 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக்கில் கோல்ஃப் மீண்டும் இடம்பெற்ற 2016 ரியோ விளையாட்டில், அப்புல்வெட்டியின் மகன் இந்தியாவின் சார்பில் ஆடினார்.

அவர் தனியொருவரும் அல்லர். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டெல்லித் திடலில் பிறர் மட்டைப் பையைச் சுமந்தவர். 2009இல் அதே பட்டத்தைப் பெற்ற பெங்களூரின் சி. முனியப்பாவும் அவ்வாறே சுமை தூக்கியவர். பையைத் தூக்கிய தோளே பட்டத்தையும் தூக்கியது.

பெண்குழந்தைகளைப் பெற்றோர் மற்றோர் எடுத்துக்காட்டை மனத்திற் கொள்ளலாம். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அறுபது பேர் ஆடிய களத்தில் நான்காம் இடம் பெற்றார். உலகத் தரவரிசையில் அப்போது அவர் இருநூறாம் இடத்தில் இருந்தார். உடன் ஆடியோர் பலர் பந்தை அவரினும் நெடுந்தூரம் அனுப்பினர். அவரோ உருட்டுந் திறத்தால் அவர்களுக்கு ஈடுகொடுத்தார். ஒரே ஓர் அடியில் வெண்கலம் கைநழுவியது. அந்த ஓர் அடியின் அருமையை உணர்ந்தவர்க்கு இரண்டடி தூர உருட்டல் அற்பமாகத் தோன்றுமோ?

உருட்டுதல்

குழியின் விட்டம் 4¼ அங்குலம், அஃதாவது 108 மில்லிமீட்டர். 1891 முதல் அதுவே விதி. பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. நம் வீட்டுத் தேங்காய்ச் சிரட்டையின் வாயும் ஏறக்குறைய அந்தக் குழியளவே இருக்கும். முற்றத்து மண்ணில் சிரட்டை ஒன்றை விளிம்பு மட்டமாகப் புதைத்துவிட்டால் குழி ஆயிற்று.

புல் இல்லையே என வருந்த வேண்டா. வளைகுடா நாடுகளில் முன்னாளில் எண்ணெய் கலந்த மணலை இறுக்கி, ‘பிரவுன்’ எனப் பெயரிட்டு, அதன்மேல் பந்தை உருட்டினர். 1988இல் துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் முழுதும் புல்லால் ஆன திடலை அமைத்தபோதுதான் அந்நிலை மாறத் தொடங்கியது. தண்ணீர் தெளித்துப் பெருக்கிய செம்மண் முற்றம் பிரவுனுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

நிற்கும் முறை எளியது. பந்துக்கு நேர் மேலே கண்கள் இருக்குமாறு சற்றுக் குனிக. மட்டையை இறுகப் பற்றாமல், மணிக்கட்டை அசைக்காமல், இரு தோள்களும் கடிகாரத்தின் ஊசல்போல ஆடுமாறு தட்டுக. பின்னே சென்ற அளவே முன்னேயும் செல்லட்டும். பந்து போகும் திசையில் பெரும்பகுதியை மட்டை முகமே தீர்மானிக்கின்றது. பத்தடித் தொலைவில் முகம் ஒரே ஒரு பாகை திரும்பினாலும் பந்து ஏறத்தாழ இரண்டு அங்குலம் விலகும். குழியின் பாதி அகலமும் அவ்வளவே. ஆகவே, தரையில் ஒரு கோடு கிழித்து, மட்டை முகம் அதற்குச் செங்குத்தாய் நிற்கின்றதா எனப் பழகுவது நன்று.

திசையினும் அரியது வேகம். மிகு வேகமாய் வரும் பந்து குழியின் நடுவைத் தொட்டாலன்றி விழாது. தளர்ந்து வரும் பந்து ஓரத்தைத் தொட்டாலும் விழும். கோலி ஆடிய கைகளுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? குழியைத் தவறவிட்டாலும் ஓரடி தாண்டி நிற்குமாறு அனுப்புவதே தக்க வேகம். முன்னே கூறிய பேராசிரியர் கணக்கின்படி, தொழில்முறை வீரர்களே மூன்றடியிலிருந்து நூற்றுக்கு 96 முறையும், எட்டடியிலிருந்து 50 முறையும், இருபதடியிலிருந்து 15 முறையுமே ஒரே உருட்டில் குழியை எட்டுகின்றனர். எனவே, இருபதடியிலிருந்து குழியில் விழவில்லையே எனச் சிறுவர் மனந்தளர வேண்டா. தொலைவிலிருந்து பந்தைக் குழியருகே நிறுத்துவதும், மூன்றடியில் தவறாதிருப்பதுமே பயிற்சியின் இலக்கு.

தாழத் தட்டுதல்

பந்து கிரீனுக்குச் சற்று வெளியே கிடக்கும்போது ஆடுவது சிப். பந்து சிறிதே பறந்து பெரிதும் உருள வேண்டும். கால்களை நெருக்கி வைத்து, உடற்பாரத்தை இலக்குப் பக்கத்துக் காலின்மேல் ஏற்றி, பந்தை நடுவுக்குச் சற்றுப் பின்னே அமைத்து, கைகள் பந்துக்கு முன்னே இருக்குமாறு நின்று, உருட்டும்போது செய்ததுபோலவே தோளால் தட்ட வேண்டும்.

புதியவர் பெரும்பாலோர் இங்கே ஒரே தவற்றைச் செய்கின்றனர். பந்தைத் தாமே மேலே தூக்கிவிட முயன்று, கடைசி நொடியில் மணிக்கட்டை மடக்குகின்றனர். அப்போது மட்டையின் விளிம்பு பந்தின் இடுப்பில் பட்டு அதனை வேலிக்கப்பால் ஓட்டிவிடும். அன்றேல் பந்துக்குப் பின்னே மண்ணில் குத்தி நின்றுவிடும். பந்தை எழுப்புவதற்கெனவே மட்டையின் முகம் சாய்த்துச் செய்யப்பட்டுள்ளது. அதன் வேலையை அது செய்யட்டும்; நம் வேலை கீழ்நோக்கித் தட்டுவது மட்டுமே.

எந்த மட்டைக்கு எவ்வளவு உருளும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ‘பிட்சிங் வெட்ஜ்’ என்னும் மட்டையால் தட்டினால், சமதரையில் பந்து பறந்த தூரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உருளும். சாய்வு குறைந்த ஏழாம் எண் மட்டையாயின் உருளுவது இன்னும் மிகும். முற்றத்தில் ஒரு துவர்த்தை நாலாக மடித்து விரித்து, பந்து அதன்மேல் விழுந்து சிரட்டையை நோக்கி உருளுமாறு பழகலாம். கண் குழியைப் பார்த்துக் கணக்கிடட்டும். தட்டும்போது பந்து விழவேண்டிய இடத்தையே மனம் பற்றியிருக்கட்டும்.

உயர எறிதல்

இடையே மேடோ மணற்குழியோ இருந்தால் பந்து உயர்ந்து சென்று மெல்ல இறங்க வேண்டும். அதுவே பிட்ச். இங்கே மணிக்கட்டு மடியலாம். உடலும் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தூரத்தை அளப்பது கடினம். ஆதலின் தேர்ந்தோர் கடிகார முறையைக் கைக்கொள்கின்றனர். இடக்கை கடிகார முள் எனக் கொண்டு, ஒரு முறை அது எட்டு மணி வரையும், ஒரு முறை ஒன்பது வரையும், ஒரு முறை பத்து வரையும் பின்னே செல்லட்டும். தட்டும் வேகம் மூன்றிலும் ஒன்றே. ஒவ்வொன்றிலும் பந்து எவ்வளவு தூரம் செல்கின்றது எனக் குறித்துக்கொண்டால், ஒரே மட்டை மூன்று மட்டையாகிவிடும்.

வீட்டில் பழகுவோர் இதற்கு மெய்யான பந்தைத் தொடவே கூடாது. 46 கிராம் எடையுள்ள அப்பந்து ஓட்டையும் உடைக்கும், மண்டையையும் உடைக்கும். கடைகளில் கிடைக்கும் நுரைப்பந்தைக் கொண்டு, துணி காயும் கொடிக்கு மேலாக அனுப்பி, அப்பால் வைத்த ஓலைக் கடவத்தில் விழச்செய்யலாம். மட்டையை வீசும் பிள்ளைக்குப் பின்னும் பக்கத்திலும் வேறு பிள்ளை நில்லாதவாறு பெரியவர் ஒருவர் காத்திருப்பது கட்டாயம்.

மணலிலிருந்து மீளுதல்

திடலில் ஆங்காங்கே மணல் நிரப்பிய பள்ளங்கள் உண்டு. ‘பங்கர்’ எனப்படும் இவற்றைக் கண்டு அஞ்சாத புதியவர் இல்லை. இங்கே ஒரு விந்தை உண்டு. மற்ற அடிகளில் மட்டை பந்தைத் தொட வேண்டும், இங்கோ தொடலாகாது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னே மணலில் மட்டை நுழைந்து, பந்துக்கு அடியிலுள்ள மணலைப் பெயர்த்து எறிய, அம்மணலே பந்தைச் சுமந்து வெளியேற்றும்.

அமெரிக்க வீரர் ஜீன் சாரசன், 1930களின் தொடக்கத்தில் மட்டையின் அடிப்புறத்தில் ஈயம் பற்றவைத்துத் தடித்த அடிப்பாகம் ஒன்றை அமைத்தார். மணலில் ஆழப் புதையாமல் வழுக்கிச் செல்லும் அம்மட்டையோடு 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார். இன்றைய ‘சாண்ட் வெட்ஜ்’ அதன் வழித்தோன்றலே. கால்களை மணலில் சற்றுப் புதைத்து நின்று, மட்டை முகத்தை வானம் பார்க்குமாறு திறந்து, அஞ்சி நடுவே நிறுத்திவிடாமல் முழுதும் வீசுதல் வேண்டும். பாதியில் நிறுத்துவதே பந்து மணலிலேயே தங்குவதற்குப் பெருங்காரணம்.

வீட்டு வேலைக்கு இறக்கிய மணல் இருந்தால், அதைச் சமமாய்ப் பரப்பி நீண்ட கோடு ஒன்று கிழிக்கலாம். பந்து வேண்டா. கோட்டின்மேல் மட்டை இறங்குகின்றதா என்று மட்டும் இருபது முறை வீசிப் பார்க்கலாம். தொடக்கத்தில் மட்டை முன்னும் பின்னுமாய் விழும். நாளடைவில் ஒரே இடத்தில் விழும். அன்று மணலச்சம் நீங்கியது என்று கொள்ளலாம். திடலில் ஆடும்போது, அடிப்பதற்கு முன் பந்தை ஒட்டிய மணலை மட்டையால் தொடுவது விதிக்கு முரண் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருக. ஆடி முடித்தபின் கால்தடத்தைச் சமன்செய்து வருவது நல்லோர் வழக்கம்.

நாள்தோறும் நாற்பது நிமிடம்

இவ்வளவுக்கும் தேவையானவை உருட்டும் மட்டையாகிய ‘பட்டர்’ ஒன்றும் வெட்ஜ் ஒன்றுமே. விதி பதினான்கு மட்டைகள் வரை அனுமதிக்கின்றது. தொடங்குவோர்க்கு இரண்டு போதும். மூன்றடி உருட்டலுக்குப் பத்து நிமிடம், தொலைவு உருட்டலுக்குப் பத்து நிமிடம், சிப்புக்குப் பத்து நிமிடம் எனப் பகுத்துக்கொண்டு, எஞ்சிய பத்து நிமிடத்தில் ஒரு பந்தயம் ஆடலாம்.

பந்தயம் இதுதான்: முற்றத்தைச் சுற்றி ஒன்பது இடங்களைக் குறித்து, ஒவ்வோரிடத்திலிருந்தும் ஒரு சிப், பின் உருட்டல் என ஆடி, மொத்த அடிகளை ஒரு நோட்டில் எழுதுக. இடத்துக்கு இரண்டு வீதம் 18 அடியில் முடிப்பவர் நன்கு தேறியவர். முதல்நாள் முப்பதைத் தாண்டினும் குற்றமில்லை. நோட்டில் எண் குறைந்துகொண்டே வருவதைக் காணும் பிள்ளைக்கு வேறு ஊக்கம் வேண்டுவதில்லை. இதில் எழுபது வயதுப் பாட்டனாரும் பத்து வயதுப் பெயர்த்தியும் சமமாய்ப் போட்டியிடலாம். விடுமுறையில் கைப்பேசியே துணையெனக் கிடக்கும் பிள்ளைகளைப் பாட்டன்மாரோடு ஒரே முற்றத்தில் நிறுத்தும் விளையாட்டு எளிதில் கிடைப்பதன்று.

முற்றத்திலிருந்து திடலுக்கு

முற்றம் பாதியையே கற்பிக்கும். மறுபாதிக்குத் திடல் வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. புல்லின் சாய்வும், காற்றின் போக்கும், மேடு பள்ளங்களும் அங்கேயே புலப்படும். திருவனந்தபுரத்தில் கவடியார் அரண்மனைக்கு அருகே, திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் தோன்றிய ஒன்பது குழித் திடல் உள்ளது. நெய்யாற்றின்கரையிலிருந்து அது ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவே. வெளிநாடுகளில் வாழ்வோர் தத்தம் நகரில், உறுப்பினரல்லாதார்க்கும் இடமளிக்கும் உருட்டல் தளங்களைத் தேடிக்கொள்ளலாம்.

நம் சங்கத்தார்க்கும் இதில் கடமை உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்பும் அன்பர் வீடுகளில் பயன்படாது கிடக்கும் பழைய மட்டைகளைத் திரட்டி, எல்லையூர் வாசகசாலை ஒன்றில் வைத்தால், வாங்க இயலாத பிள்ளைகள் இரவல் பெற்றுப் பழகலாம். ஆண்டுக்கொரு முறை, கோடை விடுமுறையில், முற்றப் பந்தயம் ஒன்றை ஊர்தோறும் நடத்தலாம். அதில் தேறும் இருவர் மூவரைத் தக்க பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்வதும், திடலில் பயில வாய்ப்புக் கேட்டு முறைப்படி விண்ணப்பிப்பதும் பெரியோர் பொறுப்பு. விண்ணப்பத்தோடு அப்பிள்ளையின் நோட்டையும் உடன் வைக்கலாம். வெறுங்கையோடு நின்று வாய்ப்புக் கேட்பதற்கும், பதினெட்டு என எழுதிய நோட்டோடு நின்று கேட்பதற்கும் வேற்றுமை பெரிது.

நூறு ஏக்கர் நிலம் நம்மிடம் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. ஒரு சிரட்டையும் ஒரு துவர்த்தும் எல்லார் வீட்டிலும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பெட்டியில் மட்டை இரண்டுக்கு இடம் ஒதுக்குவார்களாக.